சித்திரக் கந்தையும் சாஜுவின் ஊசியும்

தமிழில் 'கந்தை' என்னும் சொல்லுக்கு மதிப்புக் குறைவு. கந்தலாய்ப் போனது, வறியவன் உடுப்பது, துறவி தோளில் இடுவது என்னும் பொருள்களுக்கு மேல் அச்சொல்லை நாம் உயர்த்தியதில்லை. வடமொழியில் 'கந்தா' எனவும் வங்காளியர் நாவில் மூக்கொலியோடு 'காந்தா' எனவும் வழங்குவது இதே சொல்தான். ஆனால் வங்கத்துப் பெண்கள் அந்தக் கந்தையின்மேல் தாமரையையும் தேரையும் யானையையும் மீனையும் ஊசியால் எழுதி அதற்கு 'நக்சி காந்தா' எனப் பெயரிட்டார்கள். சித்திரக் கந்தை என்று நாம் அதனை வழங்கலாம். சொல் ஒன்றாயிருக்க, அச்சொல் குறிக்கும் பொருளை அவர்கள் எவ்வளவு தூரம் கொண்டு சென்றுவிட்டார்கள் என்பதை எண்ணுந்தோறும் நமக்கு வியப்பே மிகுகின்றது.

இக்கலையை மையமாகக் கொண்டு எழுந்த காவியம் ஜசிமுத்தீனின் 'நக்சி காந்தார் மாட்'. 'சித்திரக் கந்தை வயல்' என்பது அதன் பொருள். 1929-இல் வெளிவந்தது, 1939-இல் மில்ஃபோர்டு அம்மையார் அதனை ஆங்கிலமாக்கினார். ஜசிமுத்தீனை (1903–1976) வங்க மக்கள் 'பல்லி கவி' என்று அழைப்பர். பல்லி என்றால் அங்கே சிற்றூர். நம் திருச்சிராப்பள்ளியின் 'பள்ளி'யை நினைவூட்டும் சொல். ஃபரீத்பூர்ப் பகுதியில் பிறந்து, மாணவப் பருவத்திலேயே உழவர் வாயில் வழங்கிய பாடல்களைத் திரட்டத் தொடங்கி, பேரறிஞர் தினேஷ் சந்திர சேனின் ஆதரவில் அப்பணியை வளர்த்தவர் அவர். அவர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலத்திலேயே அவர் எழுதிய 'கபர்' என்னும் கவிதை பள்ளி இறுதி வகுப்புக்குப் பாடமாயிற்று என்பது ஒன்றே அவருக்கு வங்கம் தந்த இடத்தைக் காட்டும்.

காவியத்தின் கதை சிறியது. ஒரு வயலுக்கு இப்பாலும் அப்பாலும் இரண்டு ஊர்கள். ஓர் ஊரில் ரூபா. நம் காதுக்குப் பெண்பெயராக ஒலிப்பினும் அவனே நாயகன். கருநிறத்தவன். அந்தக் கருமையைக் கவிஞர் புகழும் பகுதி, கண்ணனைப் பாடிப் பழகிய நம் காதுக்குப் புதிதன்று. மற்றோர் ஊரில் சாஜு. மழை பொய்த்த ஆண்டில், வீடுதோறும் பாடி மழை வேண்டிவரும் சிறுமியருள் ஒருத்தியாக அவளை ரூபா காண்கிறான். காதல், ஊரார் வாய், பிறகு திருமணம். அடுத்த ஊரார் அத்துமீறி வந்து ஆற்றுத்திட்டின் விளைந்த நெல்லை அறுக்கிறார்கள் என்ற செய்தி கேட்டு ரூபா தடியெடுத்து ஓடுகிறான். கலகத்தில் கொலை விழுகிறது. வழக்குக்கு அஞ்சி ஒருநாள் நள்ளிரவில் மனைவியிடம் விடைபெற்று மறைகிறான். சாஜு காத்திருக்கிறாள். காத்திருக்கும் நாள்களைக் கந்தையில் தைக்கிறாள். நோயுற்று மடியுமுன், அதனைத் தன் கல்லறைமேல் விரிக்குமாறு தாயிடம் வேண்டிக்கொள்கிறாள். ஆண்டுகள் கழித்து ஒருநாள், அக்கல்லறையருகே அக்கந்தையைப் போர்த்தியபடி ஒருவன் இறந்து கிடப்பதை ஊரார் காண்கின்றனர்.

இந்த முடிவு வங்க மக்களின் நெஞ்சில் பதிந்துவிட்டது. அதன் பயனாகச் சித்திரக் கந்தை என்றாலே பிரிவாற்றாத பெண்ணின் கண்ணீர் என்றொரு கருத்தும் பதிந்துவிட்டது. கைத்தொழிற் பொருட்காட்சிகளிலும் விற்பனைக் குறிப்பேடுகளிலும் சாஜுவின் பெயரைக் காணாதிருத்தல் அரிது. இக்காவியம் சிறந்ததென்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் ஒரு காவியம் ஒரு கலையின்மேல் இவ்வளவு அழுத்தமாக விழும்போது, அக்கலை காவியத்துக்குள் தன் இயல்போடு இருக்கின்றதா என்று கேட்பது திறனாய்வாளர் கடமையாகின்றது. கந்தையை அறிந்து காவியத்தைப் படிப்பதும், காவியத்தை நம்பிக் கந்தையைப் பார்ப்பதும் ஒன்றல்ல.

முதலில் கந்தை. பலமுறை துவைத்து மெலிந்த பருத்திப் புடவைகளும் வேட்டிகளுமே இதன் மூலப்பொருள். புதுத்துணி இதற்கு உதவாது. கஞ்சியும் முறுக்கும் போன மென்மையே இங்கு வேண்டப்படுவது. தரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்துச் சுருக்கம் நீக்கி, ஓரங்களை மடித்து, அடுக்குகள் நழுவாதபடி முதலில் நெட்டிழை போடுவர். வண்ண நூலைக் கடையில் வாங்குவதில்லை. பழம்புடவையின் கரையிலிருந்து சிவப்பும் நீலமும் கருப்புமாக இழைகளை உருவிச் சேர்த்துக்கொள்வர். தையலோ நம் வீட்டுச் சிறுமியும் அறிந்த நூலோட்டம்தான். ஊசி உள்ளே போய் வெளியே வருவதன்றி வேறொன்றுமில்லை. அவ்வளவு எளிய ஒரு தையலை நெருக்கியும் விலக்கியும் வளைத்தும் ஓட்டி மீனுக்குச் செதிலும் யானைக்குத் தோலும் நீருக்கு அலையும் காட்டுகின்றனர். உருவங்களுக்கு இடையே விட்ட வெள்ளைப் பரப்பையும் வெள்ளை நூலால் தைத்து நிரப்புவதால் துணி முழுவதும் காற்றடித்த குளம்போல் மெல்லச் சுருங்கி நிற்கும். சிறந்த கந்தையில் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று சொல்லுதல் எளிதன்று.

ஒவ்வொன்றுக்கும் பயன்வழிப் பெயருண்டு. குளிருக்குப் போர்த்துவது லேப். விருந்தினர் அமர விரிப்பது சுஜனி. கண்ணாடியையும் சீப்பையும் சுற்றி வைப்பது ஆர்சிலதா. நூல்களையும் ஆடைகளையும் பொதிவது பஸ்தானி. பிறந்த குழந்தையைக் கிடத்துவதற்கென்று தைப்பது தனி. நம் நாட்டிலும் பாட்டியின் நூற்புடவையே தூளியாகும், நாலாக மடித்துத் தைத்தால் பிள்ளையின் கீழ் விரிப்பாகும். பழந்துணி பிள்ளையின் மேனிக்கு இதமானது என்று நாம் காரணம் சொல்வோம். வங்கத்தார் அதற்குமேல், பழந்துணியிற் பொதிந்த பிள்ளைமேல் கண்ணேறு விழாது என்றும் சொல்வர். ஆக, கந்தையின் முதல் உரிமையாளர் பிரிந்தவரோ இறந்தவரோ அல்லர், பிறந்தவர்.

கந்தைக்குத் துறவுப் பக்கமும் உண்டு. கிருஷ்ணதாச கவிராஜரின் 'சைதன்ய சரிதாமிருதம்' கூறும் ஒரு நிகழ்ச்சி சுவையானது. அமைச்சர் பதவி துறந்து காசிக்கு வந்த சனாதனர் தோளில் விலையுயர்ந்த கம்பளம் ஒன்று கிடந்தது. சைதன்யர் அதனைத் திரும்பத் திரும்ப நோக்கினார். வாய்திறந்து ஒன்றும் சொல்லவில்லை. குறிப்பறிந்த சனாதனர் கங்கைக்கரையில் தன் கந்தையைத் துவைத்து உலர்த்திக்கொண்டிருந்த வங்காளி ஒருவனிடம் சென்று, கம்பளத்தைக் கொடுத்துக் கந்தையைக் கேட்டார். அவன் தன்னைக் கேலி செய்வதாக எண்ணினானாம். இந்த மாற்றுவழக்கில் கந்தை வறுமையின் அடையாளமாக நிற்பினும், அது இழிவாகச் சொல்லப்படவில்லை என்பது கருதத்தக்கது. ஸ்டெல்லா கிராம்ரிஷ் அம்மையார் 1939-இல் கந்தையைப் பற்றி எழுதிய கட்டுரை இந்த இழையைப் பற்றிக்கொண்டே செல்கின்றது. சிதைந்தவற்றை இணைத்து முழுமையாக்கும் செயலே ஒரு சமயப் பொருள் உடையது என்பது அவர் கருத்து. அக்கருத்தைச் சிறிது மிகையென்று நாம் கருதினாலும், தைத்தவர் கலைஞர் என்று தயக்கமின்றிக் கூறியவருள் அவர் முன்வரிசையில் நிற்பவர் என்பதை மறுக்கவியலாது.

இனிக் காவியத்துக்கு வருவோம். சாஜு தைக்கும் பகுதியே இந்நூலின் உயிர். அவள் தைப்பது பிரிவுக்குப் பின் தொடங்கிய கந்தையன்று என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இதனை அவள் தொடங்கியது இன்பமான நாள்களில். கணவன் அருகிலமர்ந்து குழலூத, அவள் தைத்தாள் என்று கவிஞர் தெளிவாகவே கூறுகிறார். துணி அதே துணி, ஊசி அதே ஊசி. இடையில் வாழ்வு மாறிவிட்டது. இது கந்தை தைத்தவர் மட்டுமே அறியக்கூடிய உண்மை. ஒரு பெரிய கந்தைக்கு மாதங்களல்ல, ஆண்டுகளே ஆகும். வீட்டு வேலை முடிந்த பிற்பகல்களிலும் மழைக்காலத்து நாள்களிலும் நகரும் வேலை அது. தொடங்கிய கையே முடிக்கும் என்னும் உறுதியில்லை. தாய் தொடங்கியதை மகள் முடித்ததுண்டு. அத்தகைய நீண்ட வேலையின் ஓரத்தில் இருப்பவள் நடுவில் இருந்தவள் அல்லள். ஜசிமுத்தீன் இதனை உவமையேதுமின்றி நிகழ்ச்சியாகவே காட்டிவிடுகிறார். ரூபா விடைபெற்ற இரவை அவள் தைக்கும்போது, அவன் சிறிது தூரம் சென்று மீண்டும் மீண்டும் திரும்பி வந்ததையெல்லாம் பொறுமையாக, நிறுத்தி நிறுத்தித் தைத்தாள் என்னும் இடம் நம்மை நிற்கச் செய்கின்றது. போவதும் வருவதுமே நூலோட்டத்தின் இயல்பன்றோ! கவிஞர் இதனை எண்ணியே எழுதினாரா என்று ஆராய்வது வீண்.

ஆயினும் சாஜுவின் கந்தை வங்கத்துப் பெண்களின் கந்தையைப் போன்றதன்று. மெய்யான சித்திரக் கந்தைக்குத் தொடக்கமும் முடிவும் இல்லை. நடுவில் விரிந்த தாமரை. நான்கு மூலைகளிலிருந்தும் அதனை நோக்கிச் சாயும் நான்கு மரங்கள் அல்லது மாங்காய் வளைவுகள். எஞ்சிய இடத்தில் தேர், பல்லக்கு, பாக்குவெட்டி, மயில், குதிரை வீரன் என்று கண்டதும் கேட்டதும். தைப்பவள் தரையிலமர்ந்து துணியைச் சுற்றிச் சுற்றி நகர்த்தித் தைப்பதால் உருவங்கள் நான்கு பக்கமும் நோக்கி நிற்கும். நீங்கள் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் சில உருவங்கள் தலைகீழாகவே இருக்கும். அதனைச் சுற்றித்தான் வரவேண்டும். சாஜுவின் கந்தையோ திருமணம், இல்லறம், பிரிவு என்று நிரல்பட ஓடுகின்றது. படச்சுருளை விரித்து விரித்துப் பாட்டிசைக்கும் வங்கத்துப் பட்டுவாக்களின் வழி இது. நாட்டுக் கதைப்பாடல்களில் தோய்ந்த கவிஞர், ஊசியைப் பிடித்த பெண்ணின் கையில் பாணனின் சுருளைக் கொடுத்துவிட்டார் என்றே நாம் கருதுகிறோம்.

வேறொரு நுட்பமும் உண்டு. முஸ்லிம் பெண்டிர் தைத்த கந்தைகளில் பொதுவாகக் கொடியும் பூவும் கோலமும் மிகும். மனித உருவம் அரிது. இந்துப் பெண்டிர் கந்தைகளில் தெய்வங்களும் மாந்தரும் நெருங்கி நிற்பர். தாமரையும் மரமும் இருவர்க்கும் பொது. சாஜு முஸ்லிம் உழவர் வீட்டுப் பெண். அவள் தன்னையும் கணவனையும் உருவமாகவே தைக்கிறாள். இதனைக் குற்றமாகக் கொள்ள வேண்டியதில்லை. இரு சமயத்தார் ஊசிகளையும் ஒரே கையில் சேர்த்துப் பார்க்கும் விழைவு, 1929-இன் வங்கத்தில் ஓர் உழவர் கவிஞருக்கு இருந்திருக்குமாயின் அதனை நாம் மதிக்கவே வேண்டும்.

நாம் வேறுபடுவது கந்தையின் தனிமையைப் பற்றியே. காவியத்தில் சாஜு தனியாகத் தைத்துத் தனியாக முடிக்கிறாள், அவளுக்குப் பிள்ளையில்லை. இதனைக் கவிஞர் எங்கும் வற்புறுத்திச் சொல்லவில்லை. சொல்லாததாலேயே வாசகரும் கடந்துவிடுகின்றனர். ஆனால் கந்தையின் வழக்கமான பாதை தாயிடமிருந்து மகளுக்கும், பாட்டியிடமிருந்து பிறந்த பேரனுக்கும் செல்வது. இங்கே அது மகளிடமிருந்து தாய்க்குத் திரும்பிச் செல்கின்றது. தாய் அதனை மகளின் கல்லறைமேல் விரிக்கிறாள். முறை தலைகீழாகிவிட்டது. ரூபா பிரிந்தது துயரம்தான். அதனினும் பெரிய துயரம், கிடத்துவதற்கு ஒரு பிள்ளையில்லாத கந்தை என்று நமக்குத் தோன்றுகின்றது. காவியத்தை இவ்வாறு படித்தால், கந்தை பிணப்போர்வையாவது அக்கலையின் இயல்பு அன்று, அதன் முறிவு என்பது புலப்படும். கவிஞர் முறிவையே பாடினார்; பின்வந்தோர் அம்முறிவையே இலக்கணமாக்கிவிட்டனர்.

இதற்கு மாற்றாக நிற்கும் கந்தை ஒன்று கொல்கத்தாவின் தென்புறத்தே ஜோக்காவில் உள்ள குருசதய அருங்காட்சியகத்துக்குரியது. ஐ.சி.எஸ். அதிகாரியாக மாவட்டம் மாவட்டமாகப் பணியாற்றிய குருசதய தத்தர் (1882–1941), பணி செய்த ஊர்களில் கண்ட கந்தை, படச்சுருள், மரப்பாவை, அச்சுப்பலகை ஆகியவற்றை எல்லாரும் குப்பையென்று கருதிய காலத்தில் திரட்டினார். 1963-இல் அவற்றுக்கென அருங்காட்சியகம் திறக்கப்பெற்றது. அத்திரட்டில் புகழ் மிக்கது குல்னா மாவட்டத்து மானதாசுந்தரி தாசி பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தைத்த சுஜனி. வெள்ளைக்காரச் சிப்பாய்களும் அவர்தம் படைக்கோலமும் ஒரு புறம். நாட்டு வாழ்வும் தெய்வமும் ஒரு புறம். அது தன் தந்தைக்காகத் தான் தைத்தது என்பதையும் தன் பெயரையும் அவர் நூலெழுத்தால் துணியிலேயே பொறித்தார்.

சாஜுவையும் மானதாசுந்தரியையும் அடுத்தடுத்து நிறுத்திப் பாருங்கள். ஒருத்தி கற்பனை; அவள் பெயரை வங்கம் முழுதும் அறியும். ஒருத்தி மெய்யாக வாழ்ந்தவர். துணியில் அவர் இட்ட பெயரன்றி வேறொன்றும் பொதுமக்கள் அறியார். ஒருத்தி தன் துயரை மட்டும் தைத்தாள். மற்றவரோ தம் மாவட்டத்தில் நடமாடிய உலகத்தையே பார்த்துத் தைத்தார். அந்தத் துப்பாக்கிக்காரர்களைப் பார்த்த கண்ணில் அச்சம் இருந்ததா, நகைப்பு இருந்ததா என்று நாம் நெடுநேரம் எண்ணலாம். அழுகை இருந்ததென்று எவரும் சொல்லார். கந்தை என்றால் கண்ணீர் என்னும் கோட்பாட்டுக்கு இந்த ஒரு துணியே போதிய மறுப்பு.

இக்காலத்துக் கந்தை வேறாகிவிட்டது. சாந்திநிகேதனத்தார் முயற்சியாலும் பின்னர் எழுந்த மகளிர் நிறுவனங்களாலும் நூலோட்டம் புதுத் தசர்ப் பட்டின்மேல் ஏறிற்று. பீர்பூம் மாவட்டத்து நானூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் அது வீட்டுவருவாயாயிற்று. 2008-இல் மேற்கு வங்கத்தின் நக்சி காந்தாவுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பட்டில் ஓரடுக்கே உண்டு. வரைபவர் ஒருவர், தைப்பவர் மற்றொருவர், விற்பவர் மூன்றாமவர். இதனைக் கண்டு தூய்மை கெட்டதென்று வருந்துவோர் கூட்டத்தில் நாம் சேரமாட்டோம். இளமையில் தந்தையை இழந்து ஊசியால் குடும்பம் தாங்கிய பிரீதிகணா கோஸ்வாமிக்கு 2023-இலும், பீர்பூமின் தக்தீரா பேகத்துக்கு 2024-இலும் பத்மஸ்ரீ கிடைத்ததை நினைக்கும்போது, கூலி பெற்றுத் தைப்பது இழிவு என்று எவர் கூறத் துணிவர்? கலைக்காகப் பட்டினி கிடக்கச் சொல்லும் உரிமை, பட்டுடுத்திக் காட்சிக்கு வரும் நமக்கு இல்லை.

நம் குறை வேறு. அந்தப் புடவையின் மடிப்பில் செருகிய சிறு அட்டையில் சாஜுவின் கதை அச்சிட்டிருக்கும், கடையின் பெயர் இருக்கும். தைத்தவர் பெயரைக் காண்பது அரிது. கணவனைப் பிரிந்து அழுதவளின் வழித்தோன்றல் என்று அவளை அறிமுகம் செய்வதால் விலை கூடலாம். அவளோ மாலைக்குள் ஒரு முழம் முடிக்க வேண்டுமென்று, விளக்கேற்றுமுன் கண் வலிக்க வலிக்க ஊசி கோக்கிறாள். காவியம் அவளுக்கு ஒரு புகழைத் தந்து ஒரு முகத்தை மறைத்துவிட்டது. மானதாசுந்தரி தாமே பொறித்துக்கொண்ட உரிமையை, அவருக்கு ஒரு நூற்றாண்டுக்குமேல் பின்வந்தவள் இழந்து நிற்கிறாள். குருசதய அருங்காட்சியகத்துக்கு மத்திய ஜவுளி அமைச்சகம் அளித்துவந்த மானியமும் 2017-இல் நிறுத்தப்பட்டது. சாஜுவுக்குப் பொருட்காட்சிதோறும் இடம் கிடைக்கும் நாட்டில் மானதாசுந்தரியின் துணிக்கு நேர்ந்த நிலை இது.

இவ்வளவும் கூறிய பின்னும் ஜசிமுத்தீனிடமே திரும்பிச் செல்ல நேர்கின்றது. ஏனெனில் அவரது இறுதிப் பகுதியில், புகழ்பெற்ற போர்வைக்கு அருகிலேயே, எவரும் பேசாத ஒரு பொருளை அவர் வைத்திருக்கிறார். இறந்து கிடக்கும் ரூபாவின் தலைமாட்டில் சில வண்ணப் புடவைகள் கிடக்கின்றன. ஓடி ஒளிந்த காலத்தில் எங்கோ உழைத்து, மனைவிக்கென வாங்கி வந்தவை போலும், கவிஞர் விளக்கவில்லை. பழம்புடவைகளால் ஆன கந்தை அவன் உடல்மேல். உடுத்தப்படாத புதுப்புடவைகள் அவன் தலைமாட்டில். சாஜு இருந்திருந்தால் அவற்றை உடுத்தியிருப்பாள். உடுத்தி, வெயிலிலும் ஆற்றுநீரிலும் அவை நைந்து மெலிந்திருக்கும். பின்னொரு மழைக்காலத்துப் பிற்பகலில் அவற்றைத் தரையில் விரித்து, கரையிலிருந்து இழை உருவி, அடுத்த கந்தையைத் தொடங்கியிருப்பாள்.